கடைசி பெஞ்சில் இருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம். ஆசிரியராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கும் பயிற்சி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவார் என்பதை எது தீர்மானிக்கிறது? பயிற்சிக் கல்லூரி என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நானும் அப்படியொரு கல்லூரியில் வேலை பார்ப்பவன்தான். ஆனாலும் கல்லூரிக்கு முதலிடம் தர எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சியில் சேருமுன்பே அவர் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு கழிக்கிறார் என்று 1975-இல் கணக்குச் சொன்னார் அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி. ஆனால் மாணவர் கண்ணில் படுவது கரும்பலகைக்கு முன்னால் நடப்பது மட்டும். முந்தின இரவு அந்த ஆசிரியர் பாடத்தில் எதைக் குறைத்தார், எதைச் சேர்த்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஆசிரியரின் குரலும் அதட்டலும் ஒட்டிக்கொள்கின்றன, யோசனை ஒட்டுவதில்லை.

ஒரு வகுப்பைப் பாருங்கள். பயிற்சி ஆசிரியை கேட்கிறார்: “மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?” யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நொடிதான். அதற்குள் அவரே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். மூன்று நொடியாவது பொறுத்தால் மாணவர்களின் பதில் நீளும், பேசாதவர்களும் பேசுவார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே ஆராய்ந்து காட்டிவிட்டார். ஆசிரியைக்கும் இது தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண்ணே வாங்கியிருப்பார்! ஆனால் நாற்பது முகங்கள் தன்னையே பார்க்கும்போது மூன்று நொடி மௌனம் யுகமாகத் தெரிகிறது. பாடத்திட்டக் குறிப்பில் இன்னும் பாதி மிச்சம். பின்னால் ஒருவர் மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருக்கிறார். தொடக்கத்தில் பயிற்சி ஆசிரியரின் கவலையெல்லாம் ‘நான் தேறுவேனா’ என்பதிலேயே இருக்கும், மாணவர் என்ன கற்றார் என்ற கவலை பிறகுதான் வரும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பிரான்சிஸ் ஃபுல்லர் 1969-இல் எழுதியது இதைத்தான்.

பாட அறிவும் வகுப்பின் அளவும்கூட இதில் சேரும். அப்புறம், அது இன்னொரு ஆசிரியரிடமிருந்து வாங்கிய இரவல் வகுப்பு. வாடகை வீட்டில் ஆணி அடிக்கத் தயங்குவது மாதிரி, இருக்கிற வழக்கத்தை மாற்ற அவருக்குக் கை வராது.

என் கணிப்பில், எல்லாவற்றையும்விட வலுவானவர் பின்னால் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி ஆசிரியர். வகுப்பு முடிந்ததும் அவர் “சத்தம் கொஞ்சம் அதிகம், பார்த்துக்கோங்க” என்றால், பயிற்சி ஆசிரியை மறுநாள் சத்தத்தை அடக்குவார். “மூன்றாவது வரிசைப் பெண் நான்கில் ஒன்றுதான் பெரிது என்று முணுமுணுத்தாளே, கவனித்தீர்களா? ஏன் அப்படி நினைத்திருப்பாள்?” என்று கேட்டால், மறுநாள் அந்தப் பெண்ணிடமே போய் நிற்பார். நான்கு மூன்றைவிடப் பெரிய எண், அதனால் நான்கில் ஒன்றும் பெரிது என்று அவள் எண்ணியிருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போதுதான் காத்திருப்பது எதற்கு என்று ஆசிரியைக்குப் பிடிபடும்.

ஆனால் வழிகாட்டி ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பல நேரம், யாருக்கு அந்தப் பாடவேளை ஒத்துவருகிறதோ அவர்தான். அவருக்குத் தனிப் பயிற்சி கிடையாது, வேலைச்சுமையும் குறைவதில்லை. பேச நேரமின்றி அடுத்த வகுப்புக்கு ஓடுகிறவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? பயிற்சிக் காலத்தில் அவருடைய பாடவேளைகளில் இரண்டையாவது வாரந்தோறும் குறைத்து, அந்த நேரத்தை இருவரும் உட்கார்ந்து பேசுவதற்கென்றே கால அட்டவணையில் எழுதிவையுங்கள். தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். நன்றி, வணக்கம்.