வளைகுடாப் போர் வீரர்களும் கோக்யூ10 மாத்திரையும்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கோக்யூ10 மாத்திரை, அதாவது கோஎன்சைம் க்யூ10. மருந்துக்கடையில் இதயத்துக்கு, சோர்வுக்கு என்று விற்கிறார்களே, அதேதான். இதை வளைகுடாப் போருக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களிடம் சோதித்த ஓர் ஆய்வு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1990-91 போருக்குப் போன சுமார் 7 லட்சம் பேரில் நாலில் ஒருவருக்காவது தீராத உடல்வலி, மறதி, வயிற்றுக் கோளாறு, கொஞ்சம் நடந்தாலே ஆளைச் சாய்க்கிற அசதி. ரொம்ப நாள் இதை மன அழுத்தம் என்றே சொல்லி அனுப்பினார்கள். எனக்கு இன்னும் கோபம் வருகிற இடம் இது. ஏனென்றால் நரம்பைத் தாக்கும் விஷவாயுவுக்கு முன்காப்பாக அவர்களுக்குப் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுத்தது ராணுவம்தான். கூடவே பூச்சிமருந்து. போதாததற்கு, 1991 மார்ச்சில் ஈராக்கின் காமிசியாவில் ஆயுதக் கிடங்கை அமெரிக்கப் படை தகர்த்தபோது உள்ளே சாரின் என்ற நரம்பு விஷம் நிரப்பிய ராக்கெட்டுகள் இருந்தன. அதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் ஒப்புக்கொண்டது 1996இல்!

இந்த ரசாயனங்கள் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. கோக்யூ10 அங்கேதான் வேலை செய்கிறது, ஆக்சிஜனேற்றத் தடுப்பானும்கூட (ஆன்டிஆக்சிடன்ட் என்பார்கள்). அதனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த பியாட்ரிஸ் கோலம்ப் குழு 46 வீரர்களிடம் சோதித்து 2014இல் வெளியிட்டது. சிலருக்குத் தினம் 100 மில்லிகிராம், சிலருக்கு 300, சிலருக்குப் பார்க்க அப்படியே இருக்கும் வெற்று மாத்திரை. சுமார் மூன்றரை மாதம். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

முடிவு? 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு உடல் இயக்கம் மேம்பட்டது. பரவலாக இருந்த 20 தொந்தரவுகளில் 19 வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் நல்ல பக்கமே சாய்ந்தன. தூக்கம் மட்டும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர்கள் முதன்மையாக அளக்க நினைத்தது 'உங்கள் ஆரோக்கியம் மொத்தத்தில் எப்படி' என்ற கேள்விக்கான பதிலை. அதில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆண்களைத் தனியே பிரித்தபோதுதான் தெரிந்தது. அதிலும் 300ஐ விட 100 நன்றாக வேலை செய்தது. இரண்டு டப்பா விழுங்கினால் இரட்டைப் பலன் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய சோதனை நடத்த இது போதுமான காரணம். டப்பா வாங்க இல்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்றால் தீங்கே செய்யாது என்றும் நம்பாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையில், பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆக்சிஜனேற்றத் தடுப்பானை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994இல் தெரிந்தது. அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கவனம்: கோக்யூ10 அதன் வேலையைக் குறைத்துவிடலாம். டாக்டரிடம் சொல்லாமல் தொடவே தொடாதீர்கள்.