எடுக்க மட்டுந்தான் எடுத்தீங்க!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிள்ளைகளுக்கு உணவறிவு தர வேண்டியது வீடா, பள்ளிக்கூடமா? பள்ளிக்கூடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: "கரும்பலகையில் கரட் வரைந்தால் வயிறு நிறையுமா?" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, கரட் விளையாத ஊரா நம்முடையது? நம் தேயிலை மலை நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் முட்டைக்கோவாவும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. இதே மாவட்டத்தில், 2016 கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. நாடு முழுவதற்கும் அது 17. சம்பளம் போதாது, உண்மை. ஆனால் இருக்கிற காசில் பிஸ்கட்டா முட்டையா என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

அந்தக் கரும்பலகை வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும்? எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து லயத்துப் பிள்ளை, தரம் ஏழு. சாப்பிட்டவுடன் சாயத்தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று அன்றைக்குப் பாடம். வீட்டுக்கு வந்தால் அம்மாயி ரொட்டியும் கீரைச் சம்பலும் முடித்துவிட்டுக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகிறார். பிள்ளை பறித்துவிட்டாள்!

"ஒரு மணித்தியாலம் பொறுங்க அம்மாயி."

"அடியே, நாப்பது வருசம் கொழுந்து எடுத்தவ நான். எனக்கே தேயிலையப் பத்திச் சொல்றியா?"

"நீங்க எடுக்க மட்டுந்தான் எடுத்தீங்க. அது வயித்துக்குள்ள என்ன செய்யுதுன்னு ரீச்சர்தான் சொன்னாங்க!"

பின்வரிசைக்கும் கேட்கட்டும், இன்னொரு தரம் சொல்கிறேன்: எடுக்க மட்டுந்தான் எடுத்தீங்க!

அம்மாயி விடுவாரா? வாசலில் நின்று லயமே கூடும்படி சத்தம் போட்டார். அடுத்த வீட்டு அக்கா வந்து, "பிள்ளை சொல்றது சரிதான், கிளினிக்குல மிட்வைஃப் மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க" என்றார். அப்புறம் என்ன, ஒரு பிள்ளைக்கு நடத்திய பாடம் பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் போய்விட்டது. வயிறு நிறையுமா என்றீர்களே நண்பரே, அன்றைக்கு அம்மாயி தின்ற கீரையாவது உடம்பில் ஒட்டியிருக்கும்!

வீடு, வீடு என்கிறீர்கள். எந்த வீடு? விடியுமுன் ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுகிறாள் தாய். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். அட்டை கடித்த காலோடு திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிறாள். சம்பல் போதாவிட்டால் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வெறும் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்கிறாள். அவளிடம் போய், சத்துணவைப் பற்றி ஏன் சொல்லித்தரவில்லை என்று கேட்பீர்களா? அவளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

என்னால் கேட்க முடியாது, நடுவர் அவர்களே. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்துக்கே தீர்ப்பைத் தாருங்கள். வணக்கம்.