சின்னக் கிண்ணம்

வணக்கம் நேயர்களே. என்னைப் பேச அழைத்த வானொலி நண்பர்களுக்கு என் நன்றி.

நான் பாலர் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 45. நாலு வருடத்துக்கு முன்னால் என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். உடல் எடையைக் குறைக்கிற அறுவை சிகிச்சை. அப்போது என் கணவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். மற்ற எல்லாரிடமும் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தேன். உடன்பிறந்த தம்பிக்கே ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னேன். அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்தது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. என்னைப்போல மறைத்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் வந்தேன்.

முன்பு நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல ஒரு காட்சி போதும். வகுப்பில் ஒரு பையனுக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது. கட்டிவிடலாம் என்று மண்டியிட்டேன். கட்டிவிட்டேன், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் மேசை இல்லை. அந்த ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, "டீச்சர், நான் தூக்குறேன்" என்றான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தூக்கிவிட நினைத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்.

அப்போது என் எடை 118 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். உடல் எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, 48ஐத் தாண்டியிருந்தது. ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை, 27.5க்கு மேல் போனால் ஆபத்து அதிகம் என்பதுதான் சிங்கப்பூரில் கணக்கு. நீரிழிவு, ரத்த அழுத்தம் இரண்டும் இருந்தன. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 9.1 விழுக்காடு. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். என் கணவர் அதை எண்ணிக்கொண்டே விழித்திருப்பார். காலையில் நான் அலுப்போடு எழுந்தால், அவர் என்னைவிட அலுப்பாக இருப்பார்.

சாப்பாட்டைக் குறைத்துப் பார்க்காமல் இல்லை. மூன்று முறை 10 கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறேன். சோறு இல்லாமல், சீனி இல்லாமல், தேக்கா பக்கம் போனால் பரோட்டாக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். மூன்று முறையும் போன எடை கூட்டாளியோடு திரும்பி வந்தது. என் மனசுக்கு உறுதி போதவில்லை என்றுதான் நம்பியிருந்தேன். மருத்துவர்தான் விளக்கினார். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. இதைக் கேட்கும்போது எனக்கு 40 வயது தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

இந்த அறுவை சிகிச்சையைக் கேட்டவுடன் செய்துவிட மாட்டார்கள். நம் நாட்டில் பொதுவாகப் பிஎம்ஐ 37.5 இருக்கவேண்டும். நீரிழிவு போன்ற நோய் கூட இருந்தால் 32.5. மருத்துவக் காரணம் இருந்தால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி இரண்டையும் பயன்படுத்த முடியும். வெறும் அழகுக்காக என்றால் முடியாது. எனக்கு மாதக்கணக்கில் ஆனது. உணவியல் நிபுணர், மனநல நிபுணர், உடற்பயிற்சி நிபுணர் என்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். உணவியல் நிபுணர் கேட்ட ஒரு கேள்வியை மறக்கவே முடியாது. "நின்றுகொண்டு எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். ராத்திரி 10 மணிக்கு, எல்லாரும் படுத்த பிறகு, அடுப்படியில், மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடுவேன். பாத்திரம் கழுவுகிற நேரம்தான் என் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கிறது.

அறுவை சிகிச்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நான் மயக்கத்தில் இருந்தேன். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே வெறும் புரதப் பானம்தான். ஈரலில் உள்ள கொழுப்பு குறைந்தால்தான் அதை ஒதுக்கிவிட்டு இரைப்பைக்குப் போகமுடியும். மிச்சமிருந்த இரைப்பை ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமான குழாய். கிரெலின் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். வெட்டி எடுப்பதில் அந்தப் பகுதியும் போய்விடும். அதனால் கண் விழித்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, பசி என்ற சத்தமே நின்றுபோயிருக்கிறது. சின்ன வயதிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருந்த வானொலியை யாரோ அணைத்துவிட்ட மாதிரி.

ஆனால் ஆசை நிற்கவில்லை. பசி வயிற்றில் இருந்தது, ஆசை வேறு எங்கோ இருந்தது. முதல் இரண்டு வாரம் தண்ணீர், சூப், பால். அப்புறம் இரண்டு வாரம் அரைத்த சாப்பாடு. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை தாளித்தால் எனக்குக் கண் கலங்கிவிடும். ஒருவர் செத்துப்போனால் துக்கம் கொண்டாடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி சாப்பாட்டுக்காகத் துக்கப்பட்டேன். இது வரும் என்று முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது மாதம் அங் மோ கியோவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். "ஆபரேஷன் பண்ணின உடம்பு, ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று சோற்றைப் பிசைந்து கையிலேயே கொடுத்தார். மறுக்க மனசு வரவில்லை. மூன்று வாய் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வாயில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வயிறு நிறைந்ததற்கு என் உடம்பு காட்டுகிற அடையாளம் அது, சிலருக்குத் தும்மல் வரும், சிலருக்கு விக்கல். அப்போது அது எனக்குத் தெரியாது. நாலாவது வாயும் வாங்கினேன். நெஞ்சுக்குள் கல் மாட்டின மாதிரி சோறு நின்றுவிட்டது. கழிவறைக்கு ஓடினேன். வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில் வந்தது. கதவுக்கு வெளியே அம்மா நின்று, "நான் போட்டது உனக்கு விஷமாப் போச்சாம்மா?" என்று அழுதார்.

அன்றைக்குத்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இனிமே எவ்வளவுதான் சாப்பிடுவே?" என்று கேட்டார். எழுந்துபோய், என் மகளுக்குச் சின்ன வயதில் கஞ்சி ஊட்டிய எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் காட்டினேன். "இதுல பாதி, அம்மா." அவர் அதை வாங்கி, உள்ளே விரலை விட்டு ஆழம் பார்த்தார்.

நம் வீடுகளில் அன்பு என்றால் சாப்பாடுதான். "சாப்பிட்டியா?" என்றுதான் பேச்சையே தொடங்குகிறோம். இலையில் இன்னும் ஒரு கரண்டி போடுவதுதான் மரியாதை. வெட்டியது என் இரைப்பையை மட்டும்தான். ஆனால் அதைச் சுற்றி இருந்த ஒரு குடும்பமே பழக்கத்தை மாற்றவேண்டியிருந்தது. இப்போது எனக்கு இலையின் வரிசையே தலைகீழ். முதலில் மீன், முட்டை, பருப்பு என்று புரதம். அப்புறம் காய். இடம் இருந்தால்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி நேரம் கழித்துத்தான்.

ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், "இது குறுக்கு வழிதானே, வாயைக் கட்டியிருந்தா போதுமே" என்றார். அவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போது பலருக்கும் இப்படி ஆகும், பிறகு வளர்ந்துவிடும். ஆனால் அந்தத் தீபாவளிக்குப் பூ வைக்கப் பின்னல் இல்லை. தொங்கிப்போன தோலின் மடிப்பில் நம் ஊர் வெயிலுக்கு வேர்த்து வேர்த்துப் புண்ணாகும். சில நாள் ராத்திரி நெஞ்செரிச்சலில் உட்கார்ந்தே தூங்குகிறேன். அதுவும் இந்த அறுவை சிகிச்சையின் பக்கவிளைவுதான். தையல் போட்ட இடம் கசிவது, ரத்தம் கட்டுவது போன்ற ஆபத்துகளும் உண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். வைட்டமின், கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. இதைக் குறுக்கு வழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிடைத்ததையும் சொல்லவேண்டும். ஒன்றரை வருடத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை அளவு 5.8க்கு இறங்கியது, மாத்திரையை நிறுத்தினார்கள். குணமாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம், அடங்கியிருக்கிறது, வருடா வருடம் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் எச்சரித்தார். மூச்சு நிற்பது நின்றது, கணவர் தூங்குகிறார். வகுப்பில் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டுச் சொல்லித்தருகிறேன். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடத்தோடு நடந்தேன்.

இப்போது எடை 81 கிலோ. ஐந்து கிலோ ஏறியிருக்கிறது. முதலில் பதறிப்போனேன். ஓரளவு திரும்ப ஏறுவது பலருக்கும் நடப்பதுதான் என்றார்கள். என்ன காரணம் என்று பார்த்தால், பள்ளி முடிந்து காப்பிக்கடையில் குடிக்கும் தே. கெட்டியான சாப்பாட்டுக்குத்தான் இரைப்பை சின்னது, இனிப்புப் பானம் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இப்போது தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். பானங்களுக்கு ஏ முதல் டி வரை போடும் நியூட்ரி-கிரேடு தரத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். நான் யாரையும் கத்தி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால், பலதுறை மருந்தகத்தில் ஒரு முறை கேட்டுப்பாருங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் போதும் என்று சொல்லும்போது கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

போன மாதம் ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று தாதி அழைத்துச் சொன்னார். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து இரும்பு மாத்திரை போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், சாப்பாட்டோடு தேநீரும் கூடாது என்று நினைவுபடுத்தினார். அம்மாவிடம் சும்மா சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது முருங்கைக்கீரைப் பொரியலும் ஆட்டு ஈரலும் இருந்தன, அதே எவர்சில்வர் கிண்ணத்தில், பாதி அளவுக்கு. அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டார். நான் மெதுவாக மென்று முடிக்க 25 நிமிடம் ஆனது. அவர் கை இரண்டு முறை கரண்டிப் பக்கம் போய்த் திரும்பியது. முடித்ததும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "மிச்சம் இருக்கு, டப்பா கொண்டு வந்திருக்கியா?" என்றார்.

நன்றி, வணக்கம்.