காலிப் படுக்கைக்கு யார் படியளப்பது?

(பட்டிமன்றத் தலைப்பு: மக்கள் உயிரைக் காப்பதில் விஞ்சி நிற்பது அரசு மருத்துவமா, தனியார் மருத்துவமா? "அரசு மருத்துவமே" அணியின் இரண்டாம் பேச்சு)

நடுவர் அவர்களே, பேசி முடித்த நிம்மதியில் இருப்பவர்களே, பேசக் காத்திருக்கும் படபடப்பில் இருப்பவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். அரசு ஆஸ்பத்திரி என்றால் வரிசை, அதட்டல், 'மருந்து ஸ்டாக் இல்லை' என்ற பதில். தனியார் என்றால் நேரம், மரியாதை, புது மெஷின். அவருக்குப் பின்னால் வந்த சகோதரி, "பணத்தை அரசு கட்டட்டும், வைத்தியத்தைத் தனியார் பார்க்கட்டும்" என்று பஞ்சாயத்தே முடித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஆளில்லாமல் காலியாகக் கிடக்கும் படுக்கைக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

சிரிக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால், அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் 4.2 பேர். லீவு, பயிற்சி, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் சேர்த்தால் ஐந்தைத் தாண்டிவிடும். இன்று கட்டில் காலி என்பதற்காக அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நாளை விடியற்காலை ஒரு பஸ் கவிழ்ந்தால், நர்ஸைத் தேடி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? தீயணைப்பு வண்டி நாள் பூராவும் சும்மா நிற்கிறதே என்று யாரும் அதை வாடகைக்கு விடச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை காலியாக இருந்தால் மட்டும் 'வீண் செலவு' என்கிறோம்.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. குழந்தை அழுதுவிட்டது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. ஆனால் கருப்பை இறுகவில்லை, ரத்தம் நிற்கவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு வந்த பெண்ணையும் சில மணி நேரத்தில் கொண்டுபோகக்கூடிய ஆபத்து இது. இதைச் சமாளிக்க என்னென்ன தயாராக இருக்க வேண்டும்? குழந்தை பிறந்தவுடன் தசையில் போட, கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த ஆம்பூலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், வேலைதான் செய்யாது. அடுத்து, போகிற ரத்தத்தை அளக்க, கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும், உதவி பிந்திவிடும். கருப்பையைப் பிசைந்து இறுக்கத் தெரிந்த கை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், ரத்தக்குழாய் வழியாக, பத்து நிமிடத்தில், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். அப்போதும் நிற்காவிட்டால் பொருத்தம் பார்த்த ரத்தம், மயக்க மருந்து டாக்டர், விளக்கு எரிகிற ஆபரேஷன் தியேட்டர்.

இத்தனையும் ராத்திரி மூன்று மணிக்கும் இருக்க வேண்டும். இருந்தும், பெரும்பாலான இரவுகளில் தேவைப்படாது! ரத்த வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில், மெஷினில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான். கேட்டு யாரும் வரவில்லையா, கொட்ட வேண்டியதுதான். கொட்டியதற்கு எந்த நோயாளி பேரில் பில் போடுவது? போட முடியாது. அதனால்தான் சின்ன நர்சிங் ஹோம்களுக்கு ரத்த வங்கி கட்டுப்படியாவதில்லை. நிலைமை கைமீறினால் சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதுவார்கள்: ரெஃபர். அந்த ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்குப் போகும் என்று எதிரணியே சொல்லட்டும்.

நான் தனியார் டாக்டர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, நடுவர் அவர்களே. செய்த வேலைக்குக் காசு வாங்கும் ஏற்பாட்டில், தயாராகக் காத்திருந்த நேரத்துக்குக் காசு கிடையாது. தனியார் மருத்துவத்தின் தாய்வீடு என்று சொல்லும் அமெரிக்காவில் என்ன நடந்தது? காசில்லாத அவசர நோயாளிகளை அரசு ஆஸ்பத்திரிகளின் வாசலில் கொண்டுவந்து இறக்கும் வழக்கம் முற்றிப்போய், 1986-ல் சட்டமே போட்டார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் பணம் வாங்கும், அவசரப் பிரிவு உள்ள எந்த ஆஸ்பத்திரியும், அவசரமாக வந்தவரைப் பணம் கேட்காமல் பரிசோதித்து, நிலைப்படுத்த வேண்டும் என்று. சந்தை தானாகவே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சட்டத்துக்கு அவசியமே வந்திருக்காது. சட்டமும் 'பார்' என்றதே தவிர, செலவை யார் தருவது என்று சொல்லவில்லை.

சரி, வரிசைக்கு வருவோம். எதிரணித் தலைவர் அதிகம் கைதட்டு வாங்கிய இடம் அதுதான். ஒரு டாக்டர், ஒரு வரிசை, ஆளுக்குச் சராசரி ஐந்து நிமிடம். நோயாளிகள் முன்பின்னாக, இஷ்டம்போல வருகிறார்கள். டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், வரிசைக் கணிதத்தின் எளிய சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 சதவீதம் நிரம்பினால் 45 நிமிடம். 95 ஆனால் 95 நிமிடம்! கூட்டம் கூடியது கொஞ்சம், காத்திருப்பு கூடியது ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதற்கு டாக்டரின் சோம்பேறித்தனம் காரணமல்ல. காலி நேரமே இல்லாமல் பிழிந்தால் எந்த வரிசையும் இப்படித்தான் வெடிக்கும். படுக்கைக்கும் இதே கணக்குதான். இங்கே எங்கள் அணிக்கும் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன். படுக்கைகளை 95 சதவீதம் நிரப்பிவிட்டு 'திறமையான நிர்வாகம்' என்று மார்தட்டும் அரசுகள், தங்கள் ஆஸ்பத்திரியைத் தாங்களே கெடுக்கின்றன.

இதற்கு மருந்து உண்டு. மாதாமாதம் அதே பிரஷர் மாத்திரைக்கு வருபவர்களைப் பொது வரிசையிலிருந்து பிரித்து, நோய் கட்டுக்குள் இருந்தால் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டு அறைக்கு இரண்டு வரிசை வைக்காமல் ஒரே வரிசை வைத்து, எந்த அறை காலியோ அங்கே அனுப்பலாம். மூன்றாவது வழி பணம். இங்கிலாந்தில் 2000-க்குப் பிறகு, அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்து, பணமும் ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது நடந்தது. 2010-க்குப் பிறகு நிதியை இறுக்கினார்கள், காத்திருப்பு மறுபடி நீண்டது. அரசு ஆஸ்பத்திரி அதே அரசு ஆஸ்பத்திரிதான். தனியாரில் வரிசை தெரியவில்லை என்றால், அது இல்லை என்று அர்த்தமில்லை. காசு கட்ட முடியாமல் வீட்டிலேயே படுத்திருப்பவர் எந்த டோக்கன் கணக்கிலும் வரமாட்டார்.

'மருந்து ஸ்டாக் இல்லை' என்ற குற்றச்சாட்டு உண்மை. ஏன் இல்லாமல் போகிறது என்று தெரிந்தால் கோபம் சரியான இடத்துக்குப் போகும். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வாங்குவது என்பதைப் போன ஆண்டு எவ்வளவு கொடுத்தோம் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு மாத்திரை ஆண்டில் எட்டு மாதம் இருந்து, 8,000 செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான்கு மாதம் ஸ்டாக் இல்லை. கிளார்க் 8,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 667 என்று எழுதுவார். நிஜத் தேவை 1,000. அடுத்த ஆண்டும் எட்டாவது மாதத்தில் தீர்ந்துபோகும். இல்லாத மருந்துக்குத் தேவை குறைவு என்று கணக்கே சாட்சி சொல்லும்! எட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே, ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேரும் காலத்துக்கும், எதிர்பாராத தாமதத்துக்கும் கையிருப்பு வைக்க வேண்டும். சப்ளையருக்குப் பணத்தை இழுத்தடித்தால் அடுத்த லாரி வராது. இவை எல்லாம் திருத்தக்கூடிய தப்புகள், திருத்தச் சொல்லிக் கேள்வி கேட்க நமக்கு உரிமையுள்ள தப்புகள்.

அதட்டலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நோயாளியை அதட்டுவது தப்பு.

புது மெஷின் தனியாரிடம்தான் என்றார். உலகில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971-ல், லண்டனில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில். மெஷினைச் செய்தது தனியார் கம்பெனி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அரசுப் பணமும் அதில் இருந்தது. முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1978-ல், இங்கிலாந்தின் ஓல்டாம் அரசு ஆஸ்பத்திரியில். இன்று உலகம் பூராவும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழிபோட்ட ஜான் சார்ன்லி வேலை பார்த்ததும் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில்தான். இதற்கு மேல் இந்த விஷயத்தில் நேரத்தைச் செலவழிக்க விரும்பவில்லை.

காலிப் படுக்கைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு மறுபக்கமும் உண்டு. அரசில் காலிப் படுக்கை ஒரு பாதுகாப்பு. தனியாரில் அது நஷ்டம், அதனால் நிரப்பியாக வேண்டும். படுக்கை போட்டால் அது நிரம்பியே தீரும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துச் சொன்னவர் அமெரிக்கப் பொது சுகாதார ஆய்வாளர் மில்டன் ரோமர். சுகப்பிரசவத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம், பதினெட்டும் ஆகலாம், நடுராத்திரியிலும் வரலாம். சிசேரியன் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், நாளையும் நேரத்தையும் நாமே குறிக்கலாம், பில்லும் பெரியது. டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தராசு எந்தப் பக்கம் சாயும்? பிரேசிலின் தனியார் ஆஸ்பத்திரிகளில் பத்துப் பிரசவத்தில் எட்டுக்கு மேல் சிசேரியன். அங்கே அரசிலும் அதிகம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அது மேலும் கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது.

இனி சகோதரியின் சமாதான யோசனை: அரசு கட்டும், தனியார் பார்ப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு தீக்காய நோயாளியை அந்தத் திட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். எடை 60 கிலோ, உடம்பில் 40 சதவீதம் காயம். முதல் நாளில் ஏற்ற வேண்டிய திரவம்: 4 மில்லி பெருக்கல் 60 பெருக்கல் 40, அதாவது 9,600 மில்லி. அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். இது ஆரம்பம்தான். அப்புறம் மாற்றி மாற்றிக் கட்டுப் போடுவது, தோல் ஒட்டும் அறுவை பல தடவை, கிருமி தொற்றாமல் தனி அறை. ஒரு சதவீதக் காயத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசம் என்பது பழைய தோராயக் கணக்கு. பேக்கேஜ் தொகை எவ்வளவு வைத்தாலும், எந்த நோயாளிக்கு எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கண்புரைக்குச் சொல்ல முடியும். அதனால் கண்புரைக்குத் தனியாரில் இடம் கிடைக்கும், தீக்காயத்துக்கு 'படுக்கை இல்லை' என்ற பதில் கிடைக்கும். 1983-ல் அமெரிக்க மெடிகேர், நோய் வகைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை வைத்தது. வீண் செலவு குறைந்தது உண்மை. அதோடு, பெரிய தொகை வரும் வகையில் நோயைப் பதியும் கலையும் வளர்ந்தது. பில் சரியா என்று பார்க்க, கட்டுகிற அரசுக்கு அந்த வைத்தியத்தின் நிஜச் செலவு தெரிந்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு தீக்காய வார்டு நடத்தாத அரசுக்கு அது எப்படித் தெரியும்? எதிரில் இருப்பவர் சொன்னதுதான் விலை.

மணி அடித்துவிட்டார் நடுவர். முடித்துக்கொள்கிறேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு அல்லது மூன்று மருந்து. இரண்டாம் மாத முடிவுக்குள் பலருக்கு இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். அப்போதுதான் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கிருமி மிச்சமிருக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவலாம். உங்கள் கிளினிக்குக்கு மூன்றாம் மாதம் அவர் வரவில்லை. அவராக வராத வரைக்கும் உங்களுக்கு அவர் நோயாளியே இல்லை. அவர் வீட்டுக் கதவைத் தட்டி, மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பரிசோதனை எழுதிவிட்டு வர ஒருவரை நீங்கள் அனுப்புவீர்களா? அனுப்பினால், அவர் சம்பளத்தை யார் பில்லில், எந்த வரியில் போடுவீர்கள்? பதிலைக் கேட்க முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.