காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு
(சாயல்குடி பக்கம் ஒரு நூலக விழாவுல நான் பேசினது, நினைவுல இருந்து எழுதுறேன்)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், ஜமாத் தலைவர் அவர்களுக்கும், கடல்லேருந்து நேரா வந்து மீசையில உப்பு காயாம உக்காந்திருக்கிற கிராமக் கமிட்டி அண்ணாச்சிக்கும், பூசைக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டும் எந்திரிக்காம இருக்கிற ஃபாதர் அவர்களுக்கும், மைக்செட்ட ஓசியில குடுத்த தம்பிக்கும்... ஐயையோ, ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர விட்டுட்டேன், மன்னிக்கணும் டீச்சர்.

தலைப்பு 'மூடநம்பிக்கை: சொல்லும் பொருளும்'. மூணு விஷயம் சொல்லப்போறேன். சொல்லு எங்கேருந்து வந்துச்சு, நம்ம கடக்கரையில அது எப்படி இருக்கு, சட்டம் என்ன சொல்லுது.

இங்கிலீஷ்ல சூப்பர்ஸ்டிஷன். லத்தீன்ல சூப்பர்ஸ்டிஷியோ. சூப்பர்னா மேல, ஸ்டாரேன்னா நிக்கிறது. மேல நிக்கிறதுக்கும் பூனை குறுக்க போறதுக்கும் என்ன சம்பந்தம்னு படிச்சவங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. ரோமாபுரி அறிஞர் சிசரோ 2,000 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு விளக்கம் எழுதி வச்சிருக்காரு: நமக்குப் பின்னாலயும் நம்ம புள்ளைங்க உசுரோட இருக்கணும்னு நாள் பூரா வேண்டிக்கிட்டு பலி குடுத்துக்கிட்டு கெடந்தவங்களுக்கு வச்ச பேராம், மிஞ்சி உசுரோட இருக்கிறவங்கள லத்தீன்ல 'சூப்பர்ஸ்டிடெஸ்'னு சொல்லுவாங்களாம். பின்னால வந்த கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் அதெல்லாம் இல்லன்னுட்டாரு. எனக்கென்னவோ சிசரோவத்தான் புடிச்சிருக்கு. காத்து மாறி அடிக்கிற அன்னைக்கு, போன வல்லம் திரும்பலன்னா கரையில நிக்கிற ஆத்தாவ நெனச்சுப் பாருங்க, அவ எத வேண்ட மாட்டா?

தமிழ்ல 'மூட'ங்கிறது வடமொழி வழி வந்தது, மதி மயங்கினதுன்னு அர்த்தம். கண்ண மூடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, போன வருஷம் வரைக்கும் நானே மேடையில அப்படித்தான் அளந்துக்கிட்டு இருந்தேன். நம்ம பழைய சொல்லு ஒண்ணு இருக்கு, விரிச்சி, அதாவது தற்செயலா காதுல விழுற பேச்ச சகுனமா எடுத்துக்கிறது. முல்லைப்பாட்டுல ராசா போருக்குப் போயிருக்காரு, வயசான பொம்பளைங்க நெல்லும் முல்லைப்பூவும் தூவி ஊருக்கு வெளிய காத்து நிக்கிறாங்க. ஒரு இடையர் வீட்டுப் பொண்ணு கன்னுக்குட்டிகிட்ட, 'ஒங்க ஆத்தா இப்ப வந்துருவா'ன்னு சொல்றா. அது காதுல விழுந்ததும் ராசாவும் வந்துருவாருன்னு முடிவு கட்டிட்டாங்க. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான்!

பனம்பழம்னதும் ஞாபகம் வருது. நான் ஏழாப்பு படிக்கயில எங்க அப்பத்தா வீட்டுக்குப் பின்னால ஒத்தப் பனை. மரமேறுற மாமா சாயங்காலம் சுண்ணாம்பு தடவின கலயத்தக் கட்டிட்டுப் போவாரு, விடிஞ்சு பாத்தா அரக்கலயம்கூட இருக்காது. ராத்திரி சரசரன்னு சத்தம் வேற. முனி எறங்குதுன்னு பேச்சாகிப் போச்சு. எங்க சித்தப்பா, ஆறடி ஆளு, மூணு கட்ட டார்ச்சோட மரத்தடியில படுத்தாரு. நடுச்சாமத்துல மேலருந்து ரெண்டு கண்ணு பளபளன்னு பாத்திருக்கு, மனுசன் எடுத்தாரு பாருங்க ஓட்டம், வேட்டி கருவேல முள்ளுல, ஆளு அப்பத்தா கட்டிலுக்கு அடியில! (சிரிக்காதீங்க, அவரு மகன் இங்கதான் உக்காந்திருக்கான்.) மறுநாளே ஒரு செங்கல் சூளை புரோக்கர் வந்து நிக்கிறாரு, முனி மரத்த வச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாதுங்கிறாரு. முனி பேச்சக் கெளப்பிவிட்டது யாருன்னு நான் சொல்லல. மரத்த வெட்டினாங்க, அந்த வாரமே சித்திக்கு ஒரு மாசமா விடாத காய்ச்சல் விட்டுருச்சு, பாத்தியா பாத்தியான்னு ஊரே சொல்லுது. காக்கா உக்காந்துச்சு, இங்க பனையே விழுந்துருச்சு! பத்து நாள் கழிச்சு பக்கத்து மரத்துல கலயம் காலி. மாமா ஏறிப் பாத்துட்டு எறங்கி வந்து சொன்னாரு: 'முனி இல்லடா, மரநாய்.' அது பதநீ குடிக்கிற சென்மம். சரசரன்னது காஞ்ச காவோலை.

அந்த ஒத்தப் பனை எத்தன வருஷத்து மரம் தெரியுமா? கொட்ட போட்டா பாளை விடவே பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும். பனை நம்ம மாநில மரம், 2021லேருந்து கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக்கூடாதுன்னு அரசு சொல்லிருச்சு, இருந்தும் ராத்திரியோட ராத்திரியா லாரி போகுது. அது வேரு மணல எப்படிப் புடிச்சு வச்சிருக்குன்னு கரை அரிச்ச எடத்துல போயி பாருங்க.

சட்டம் பத்தி சொல்றேன்னேன்ல... மகாராஷ்டிராவுல 2013ல மூடநம்பிக்கைக்கு எதிரா ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, அது பெரிய கதை, ஃபாதர் வேற மணி பாக்குறாரு, இன்னொரு நாள் பேசுவோம்.

வாசல்ல மூணு சாக்கு பனங்கொட்ட இருக்கு. ஆளுக்குப் பத்து எடுத்துக்கங்க. ஞாயித்துக்கிழம காலம்பற ஆறு மணி, கண்மாய்க்கரை. அது ராகுகாலமான்னு இப்பவே ஒருத்தர் கேக்குறாரு, ராகுகாலம் சாயங்காலம்ணே, நீங்க வந்துருங்க. கடப்பாரை யாருகிட்ட இருக்கு?