ரோம் போறீங்களா? முதல்ல கிழமையைப் பாருங்க

வணக்கம் மக்களே! இன்னைக்கு ரோம் பிளானிங். எங்க நின்னு போட்டோ எடுத்தா நல்லா வரும்ங்கறதுக்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கு, நான் அந்தப் பக்கமே போகலை. ரோம்ல ஆளுங்க மாட்டிக்கிறது கிழமையிலதான்.

ஞாயித்துக்கிழமை வாடிகன் மியூசியம் லீவு. மாசத்தோட கடைசி ஞாயிறு மட்டும் இலவசமா திறப்பாங்க, ஆனா 12.30க்கு மேல உள்ள விட மாட்டாங்க. அன்னைக்கு இருக்குற கூட்டத்தைப் பத்தி சொல்லவே வேணாம். சிலையும் ஓவியமும் இருக்குற போர்கேசே கேலரி திங்கட்கிழமை லீவு. புதன்கிழமை காலையில போப்போட பொதுச் சந்திப்பு இருந்தா, அது முடியுற வரைக்கும் வாடிகனோட பெரிய சர்ச்சான செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்காவுக்குள்ள போக முடியாது. மாசத்தோட முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம். அதுக்கு முன்பதிவு கிடையாது, வரிசைதான். காசு மிச்சம், அரை நாள் காலி. அதனால புதன் மதியம் இறங்கி, வியாழன் கொலோசியம், வெள்ளி வாடிகன், சனி போர்கேசேன்னு போட்டா எதுலயும் இடிக்காது.

விசாவை வேகமா சொல்லிடறேன். இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேணும், அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா. 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம். கடைசி கெடு 15 நாள், ஆனா அவ்வளவு தூரம் இழுக்காதீங்க. ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, விசா சென்டர் சார்ஜ் தனி. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். பாரிஸையும் சேர்த்துப் போறவங்க, எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்குறீங்களோ அங்கதான் அப்ளை பண்ணணும். வாடிகன் டிக்கெட் சுமார் 60 நாள் முன்னாடி திறக்கும், கொலோசியம் 30 நாள் முன்னாடி. ஒரு மூணு மாசம் முன்னாடியே விசாவுக்குக் கொடுத்துட்டா, பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிம்மதியா புக் பண்ணலாம்.

இப்ப கொலோசியம். சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்துல பழைய ரோமோட இடிபாடுகள் இருக்குற ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அதுலயே அடக்கம், 24 மணி நேரம் செல்லும். டிக்கெட்ல பேர் இருக்கும், கேட்ல ஐடி கேட்பாங்க. நம்ம ஆளுங்களுக்கு இன்ஷியல் பிரச்சனை இங்கதான் வரும். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருக்க, டிக்கெட்ல வெறும் 'எஸ்'னு போட்டா, அங்க நின்னு விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அடிங்க. பெரிய பை, கண்ணாடி பாட்டில் எதுவும் உள்ள விட மாட்டாங்க. லக்கேஜ் வைக்க அங்க இடமும் கிடையாது.

ஃபோரமும் பாலட்டைனும் சேர்ந்து ஒரே என்ட்ரி. 'சாப்பிட்டுட்டு வந்து மீதியைப் பார்க்கலாம்'னு வெளிய வந்தீங்கன்னா முடிஞ்சுது, திரும்ப விட மாட்டாங்க. ரெண்டரை மணி நேரமாவது ஆகும், ஃபோரம்ல நிழலே கம்மி. ஜூலை, ஆகஸ்ட்னா காலையில கிடைக்குற முதல் ஸ்லாட்டைப் பிடிங்க. தண்ணிக்குக் காசு கொடுக்காதீங்க. ஊர் பூரா 'நாசோனே'ன்னு இரும்புக் குழாய் ஓடிக்கிட்டே இருக்கும், குடிக்குற தண்ணிதான். வளைஞ்ச மூக்கோட வாயை விரலால அடைச்சா, மேல இருக்குற சின்ன ஓட்டை வழியா தண்ணி பீறிட்டு வரும். குனியாம குடிக்கலாம்.

வாடிகன்ல நடக்குற பெரிய குழப்பம் வாசல். மியூசியம் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்து வரிசையில நிக்கிறவங்க நிறைய. அது பசிலிக்கா வரிசை, அதுக்கு டிக்கெட்டே வேணாம். மியூசியம் வாசல் மதில் சுவரைச் சுத்திப் போனா வியாலே வத்திகானோ ரோட்டுல இருக்கு, கால் மணி நேர நடை. ஆன்லைன் டிக்கெட் 20 யூரோ, புக்கிங் 5 யூரோ. சிஸ்டைன் சேப்பல் பாதையோட கடைசியில வரும், உள்ள போட்டோ கூடாது. தோளும் முட்டியும் மூடியிருக்கணும், ஆம்பளைங்க ஷார்ட்ஸுக்கும் இதே கதைதான். பசிலிக்கா குவிமாடத்து உச்சிக்கு 551 படி. லிஃப்ட்ல போனாலும் மீதி 320 படி ஏறியே ஆகணும். மேல போகப் போக சுவர் ஒரு பக்கமா சாய்ஞ்சு குறுகிடும். முட்டி வலி இருக்கறவங்க கீழயே இருந்துக்கறது நல்லது.

போர்கேசேல ஒவ்வொரு ஸ்லாட்டும் ரெண்டு மணி நேரம், முன்பதிவு கட்டாயம். என்னைக் கேட்டா ரோம்ல கொடுக்குற காசுக்கு முழு மதிப்பு இங்கதான். பெர்னினி செதுக்கின அப்போலோ, டாஃப்னி சிலையைச் சுத்தி வந்து பாருங்க. அப்போலோ துரத்த, டாஃப்னி மரமா மாறுற கதை அது. அவளோட விரல் நுனி இலையா மாறுது, கால்ல மரப்பட்டை ஏறுது, அத்தனையும் மார்பிள்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் ரொம்ப வருஷம் இலவசமா இருந்துச்சு, 2023 ஜூலைல இருந்து 5 யூரோ டிக்கெட். ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ்னு ஒரு பிரபலமான படிக்கட்டு இருக்கு, அதுல உக்காராதீங்க, அபராதம் உண்டு.

கடைசியா ஏர்போர்ட். ஃபியூமிசினோல இருந்து லியனார்டோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, 32 நிமிஷத்துல ரோமோட மெயின் ஸ்டேஷன் டெர்மினி. எஃப்எல்1 ரயில் 8 யூரோதான், ஆனா அது டெர்மினிக்குப் போகாது. டிராஸ்டேவரே, ஓஸ்டியென்சே பக்கம் ரூம் போட்டவங்களுக்குத்தான் லாபம். பழைய நகரச் சுவருக்குள்ள போக வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயிச்ச கட்டணம் 55 யூரோ. அது வண்டிக்கு, லக்கேஜும் சேர்த்து. நாலு பேர் தனித்தனி டிக்கெட் எடுத்து எக்ஸ்பிரஸ்ல போனா 56 யூரோ ஆகுது, டெர்மினில இருந்து ஹோட்டலுக்குப் பெட்டியை வேற இழுக்கணும். டாக்ஸியே எடுத்துக்கோங்க. ஸ்டாண்ட்ல மட்டும் ஏறுங்க, வருகை ஹால்லயே வந்து 'டாக்ஸி, டாக்ஸி'ன்னு கூப்பிடறவங்க பின்னாடி போகாதீங்க.