வலிக்காத சொத்தையை ஏன் இப்போதே அடைக்க வேண்டும்?

(காட்சி: கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு, மிக அருகில். பள்ளம் ஒன்றில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளி.)

வணக்கம். திரையில் நீங்கள் பார்க்கும் இந்தப் பல்லில் வலி இல்லை. குளிர்ந்த நீர் குடித்தாலும் கூச்சம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் தேநீர்க் கறை என்றே நினைக்கத் தோன்றும். ஆனாலும் இதை அடைத்துவிட வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்கிறார். "வலிக்கவே இல்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மில் பலர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். சொத்தையை அடைக்க மிகப் பொருத்தமான காலம் வலி தொடங்குவதற்கு முந்தைய காலமே என்பதையும், அந்தச் சிகிச்சையின்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதையும், சிங்கப்பூரில் அதற்கு எங்கே செல்லலாம் என்பதையும் இந்தக் காணொளியில் விளக்குகிறோம்.

பல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படி எந்தப் பூச்சியும் புழுவும் பல்லுக்குள் இல்லை. பல்லின்மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் படலத்தின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அமிலம் உச்சத்தை எட்டிவிடுகிறது. அதை உமிழ்நீர் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

இதனால்தான் ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை சாப்பிட்டோம் என்பதோடு, எத்தனை முறை சாப்பிட்டோம் என்பதையும் மருத்துவர் விசாரிக்கிறார். காலையில் ஒரு தே தாரிக், பத்து மணிக்கு வேலையிடத்தில் ஒரு கோப்பி, மதிய உணவுக்குப் பிறகு ஒரு பாக்கெட் பானம், மாலையில் மீண்டும் ஒரு தே தாரிக் என்று, கெட்டிப்பாலும் சர்க்கரையும் கலந்த பானங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருப்பவரின் பற்களுக்கு, இழந்த தாதுப்பொருள்களை உமிழ்நீரிலிருந்து திரும்பப் பெறுவதற்கான அவகாசமே கிடைப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மருந்துகளில் சிலவற்றை உட்கொள்பவர்களுக்கும் வாய் உலர்ந்துபோவதால் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அவர்கள் சர்க்கரை சேர்க்காத கோசோங் வகைகளுக்கு மாறினால், அதன் பயன் இரத்தச் சர்க்கரையில் மட்டுமல்லாமல் பல்லிலும் தெரியும்.

(காட்சி: ஈறு ஓரத்தில் மங்கலான வெள்ளைத் திட்டு.)

சொத்தையின் முதல் அடையாளம் கருப்பு நிறத்தில் வருவதில்லை. இப்படி மங்கலான வெள்ளைத் திட்டாக வருகிறது. மேற்பரப்பு இன்னும் உடையாமல் இருக்கும் இந்த நிலையில் அடைக்க வேண்டிய தேவை இல்லை. ஃபுளோரைடு கலந்த பற்பசை, மருத்துவமனையில் பூசப்படும் ஃபுளோரைடு வார்னிஷ், இனிப்பு உண்ணும் இடைவெளியை நீட்டித்தல் ஆகியவற்றால் திட்டு அதே இடத்தில் நின்றுவிடலாம், மீண்டும் கெட்டிப்படவும் செய்யலாம். சிங்கப்பூரில் 1950களிலேயே குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கும் பணி தொடங்கப்பட்டதால், நாம் அருந்தும் சாதாரணத் தண்ணீரும் இந்த வேலையில் நமக்குத் துணைநிற்கிறது. பல் துலக்கிய உடனே வாயைப் பலமுறை கொப்பளிக்காமல் பற்பசை நுரையை மட்டும் துப்பிவிடுவது நல்லது. அப்போதுதான் பசையிலுள்ள ஃபுளோரைடு பல்லில் சிறிது நேரம் தங்கும்.

மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் நிலைமை வேறு. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே உடலால் புதிய எனாமலை உண்டாக்க முடியாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும், ஆனால் பல்லில் விழுந்த குழி தானாக மூடாது. குழிக்குள் சேரும் உணவைத் தூரிகையால் எடுக்கவும் முடியாது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அதைவிட மென்மையானது. அமிலம் அங்கே எட்டியதும் பக்கவாட்டில் வேகமாகப் பரவுகிறது. கறையான் புகுந்த கதவு வெளியே வண்ணம் கலையாமல் நிற்பதைப் போல, மேலே ஊசிமுனைப் புள்ளியாகத் தெரியும் சொத்தை உள்ளே அகன்று கிடக்கலாம். இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் பக்கத்தில் வரும் சொத்தையோ கண்ணாடிக் கருவிக்கும் எளிதில் தெரிவதில்லை. சிறிய தகடு ஒன்றைக் கடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுப்பது அதற்காகத்தான். அந்தப் படத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல்லின் வெண்மைக்கு நடுவே கருமையான முக்கோணமாகச் சொத்தை எங்கே நிற்கிறது, உள்ளே நரம்பிருக்கும் கூழ் அறைக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். வலிக்காத பல்லுக்கு ஏன் சிகிச்சை என்ற ஐயம் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எழுவதில்லை.

வலி எப்போது வருகிறது? சொத்தை டென்டினின் ஆழத்திற்குச் சென்று, கூழ் அறையில் அழற்சி தொடங்கும்போது. குளிர்ந்த நீர் பட்டவுடன் சுரீரென்று கூசி, நீர் போனதும் கூச்சமும் போய்விட்டால் அந்தப் பல்லை அடைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் இருக்கிறது. சூடோ குளிர்ச்சியோ பட்ட பிறகு வலி நெடுநேரம் நின்று வதைத்தால், அல்லது படுத்தபின் நள்ளிரவில் தானாகவே தெறிக்கத் தொடங்கினால், அடைப்பு மட்டும் போதாத நிலைக்குப் பல் சென்றிருக்கக்கூடும். அப்போது வேர் சிகிச்சை (ரூட் கனால்) செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். இரண்டும் நேரத்திலும் செலவிலும் அடைப்பைவிடப் பெரியவை. கிராம்பை நசுக்கி வைத்தால் அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். வலி நிவாரணி மாத்திரையும் அவ்வாறே. வலி அடங்கிவிட்டதால் நோய் அடங்கிவிட்டதாக எண்ணுவதுதான் ஆபத்து. சில வேளைகளில் நரம்பு செத்துப்போவதாலும் வலி நின்றுவிடும். அதன்பிறகு வேர் நுனியில் சீழ் கட்டி முகம் வீங்கலாம். வீக்கம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

(காட்சி: சிகிச்சை நாற்காலி. தட்டில் கருவிகள் வரிசையாக.)

இனி, அடைக்கும் முறையைப் பார்ப்போம். இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் நாற்காலியில் படுத்திருப்பவருக்கு ஒலி கேட்கிறதே தவிர எதுவும் தெரிவதில்லை, அச்சம் பெரும்பாலும் அதனால்தான் வளர்கிறது.

சொத்தை ஆழமாக இருந்தால் முதலில் ஈறில் மரப்பு ஊசி போடப்படும். ஊசிக்கு முன் ஈறில் மரப்புக் களிம்பு தடவச் சொல்லிக் கேட்கலாம்; குத்தும் உணர்வை அது குறைக்கும். மிகச் சிறிய சொத்தைக்கு ஊசியே தேவைப்படாமலும் போகலாம். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, இதய நோய், கர்ப்பம் ஆகியவற்றை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பல் சிகிச்சைக்கென்று அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

மரத்த பிறகு, சுழலும் கருவியால் குழியின் வாய் திறக்கப்படுகிறது. கேட்கும் கிறீச்சொலி அந்தக் கருவியுடையது. தெறிக்கும் நீர் பல் சூடேறாமலிருக்க அது பீய்ச்சுவது. மென்மையாகிப்போன சொத்தைப் பகுதி சுரண்டி எடுக்கப்படும். முன்பு எல்லாச் சொத்தையையும் அடிவரை தோண்டி எடுப்பதே வழக்கமாக இருந்தது. இப்போது குழியின் விளிம்புகளை முழுமையாகத் தூய்மைப்படுத்திவிட்டு, கூழ் அறைக்கு மிக அருகில் மட்டும் சிறிதளவு மென்மையான டென்டினை விட்டு, மேலே காற்றும் நீரும் புகாமல் மூடிவிடும் முறையைப் பலர் கையாள்கிறார்கள். உணவு கிடைக்காத பாக்டீரியாக்கள் அங்கே முடங்கிவிடுகின்றன. நரம்பும் திறந்துபோகாமல் தப்புகிறது.

அடுத்து, பல்லின் நிறத்தில் இருக்கும் கம்போசிட் பொருளால் அடைப்பதானால், குழிக்குள் பாஸ்பாரிக் அமிலக் களிம்பு சில நொடிகள் வைக்கப்பட்டுக் கழுவப்படும். காற்றால் உலர்த்தியதும் அந்த இடத்து எனாமல் பளபளப்பு இழந்து வெண்மையாக மங்கித் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அங்கே உண்டாகியிருக்கின்றன. அவற்றுக்குள் இறங்கும் பசைத் திரவம்தான் அடைப்பைப் பல்லோடு பிணைக்கிறது. இந்த நேரத்தில் உமிழ்நீரோ இரத்தமோ ஒரு துளி பட்டாலும் பிணைப்பு கெட்டுவிடும். அதனால்தான் வாயில் பஞ்சுருளைகளை வைக்கிறார்கள், அல்லது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் பொருத்துகிறார்கள். அது கொஞ்சம் அசௌகரியம்தான்; ஆனால் எந்தப் பொருளால் அடைத்தார்கள் என்பதைவிட எவ்வளவு உலர்வாக வைத்து அடைத்தார்கள் என்பதே பல வேளைகளில் அடைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதால், விரிப்பு வேண்டாம் என்று மறுக்காதீர்கள்.

பிறகு கம்போசிட் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கப்பட்டு, ஒவ்வோர் அடுக்கும் நீல ஒளியால் கெட்டியாக்கப்படுகிறது. ஒரேயடியாகத் தடிமனாக வைத்தால் ஒளி அடிவரை செல்லாது. கெட்டிப்படும்போது பொருள் சற்றே சுருங்குவதால் விளிம்பில் இடைவெளியும் விழலாம். கடைசியாக வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி, பக்கவாட்டிலும் அரைத்துக் காட்டச் சொல்வார்கள். தாளின் சாயம் அழுத்தமாகப் பதிந்த இடம் மேடாக இருப்பதாகப் பொருள்; அது தேய்த்துச் சரிசெய்யப்படும்.

கம்போசிட்டைத் தவிர இன்னும் இரண்டு பொருள்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளாஸ் அயனோமர் பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும், ஃபுளோரைடையும் மெல்ல வெளியிடும். பால் பற்களுக்கும், முதியோரின் ஈறு இறங்கி வெளிப்பட்ட வேர்ப் பகுதிக்கும் அது ஏற்றது, கடிக்கும் அழுத்தம் மிகுந்த இடங்களில் சீக்கிரம் தேயும். வெள்ளி நிற அமால்கம் உறுதியானது, ஆனால் பாதரசம் கலந்தது. சுற்றுச்சூழலில் பாதரசத்தைக் குறைக்க 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்பாட்டிற்குப் பின் உலகெங்கும் அதன் பயன்பாடு குறைந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதைப் பொதுவாகத் தடைசெய்துவிட்டது. பழைய வெள்ளி அடைப்பு உங்கள் வாயில் நல்ல நிலையில் இருந்தால், அச்சத்தினால் மட்டும் அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஓர் அடைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் சிறிது சேர்ந்தே போகிறது. முதல் அடைப்பைச் சிறியதாகவே முடித்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம்.

(காட்சி: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் மருந்தகம்.)

சிகிச்சை முடிந்தபின் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை சூடான பானத்தையும் மெல்ல வேண்டிய உணவையும் தவிர்த்துவிடுங்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. சில நாள் லேசான கூச்சம் இருப்பது இயல்பு. கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பதுபோல் இருந்தால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாமல் திரும்பிச் செல்லுங்கள். சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.

செலவு என்று வரும்போது, நீல நிற அல்லது ஆரஞ்சு நிற சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை வைத்திருப்பவர்களும், முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை எனப்படும் மூத்த குடிமக்களும் திட்டத்தில் பங்கேற்கும் தனியார் பல் மருந்தகங்களில் சில பல் சிகிச்சைகளுக்கு மானியம் பெறலாம். சில பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) பல் சிகிச்சைப் பிரிவு உண்டு, ஆனால் முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். சிக்கலான சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்து ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லலாம். மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ் நெடுங்காலமாக அறுவைச் சிகிச்சை சார்ந்த பல் சிகிச்சைகளுக்கே பயன்பட்டு வந்திருக்கிறது. மூத்தோருக்கான விதிகள் விரிவுபடுத்தப்பட்டு வருவதால் 60 வயதைக் கடந்தவர்கள் பதிவு முகப்பில் கேட்டுக்கொள்வது நல்லது. எத்தனை பரப்புகளில் அடைப்பு, எந்தப் பொருள், மானியம் போக மொத்தம் எவ்வளவு என்பதை நாற்காலியில் அமர்வதற்கு முன்பே கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆங்கிலத்தில் விவரம் சொல்லச் சிரமப்படும் பெற்றோருடன் வீட்டில் யாராவது ஒருவர் உடன் செல்லுங்கள். எந்தப் பல், எப்போதிலிருந்து, எது பட்டால் கூசுகிறது என்ற மூன்று தகவல்களும் சரியாகப் போய்ச் சேர்ந்தால் சோதனை பாதி முடிந்ததுபோல்.

தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பள்ளிப் பல் மருத்துவச் சேவை இருக்கிறது. பெற்றோரின் ஒப்புதல் கேட்கப்படும்போது, விழப்போகிற பால் பல்தானே என்று மறுத்துவிடாதீர்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கின்றன. எட்டு வயதில் அவற்றில் ஒன்று சொத்தையாகி எடுக்கப்பட்டால், அருகிலுள்ள பல் அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல் வெளிவரும் வழியை அடைத்துவிடலாம்.